நீச்சல் தெரியாதவர் பவளப்பாறைக்கு இறங்கலாமா?

கோவையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்:

"பிப்ரவரியில் மனைவி, மகளோடு ஆறு நாள் அந்தமான் போகிறோம். எனக்கு 46 வயது. ரத்த அழுத்தத்துக்கு மூன்று வருடமாக மாத்திரை எடுக்கிறேன். நீச்சல் தெரியாது. கண்ணாடிப் பவர் மைனஸ் 3.5. அடிக்கடி மூக்கடைப்பு வரும். மனைவிக்கு 41 வயது. சின்ன வயதிலிருந்தே வீசிங் உண்டு, மழைக்காலத்தில் இன்ஹேலர் தேவைப்படும். மகளுக்கு 12 வயது, நன்றாக நீந்துவாள். சிலிண்டரோடு ஆழத்தில் இறங்கும் ஸ்கூபா என்றால் எனக்குப் பயம். அதனால் குழாய் வழியே மூச்சுவிட்டபடி மேலேயே மிதக்கும் ஸ்நார்க்கலிங் போதும் என்று இரண்டு இடங்களுக்குத் திட்டம் போட்டிருக்கிறேன். மகள் ஆசைப்படுவதால் கடைசி நாள் காலையில் மட்டும் ஸ்கூபா, அன்று மதியம் இரண்டு மணிக்கு சென்னை விமானம். மீசையை எடுத்தால்தான் மாஸ்க் நிற்கும் என்கிறார்களே, உண்மையா? நாங்கள் எதைச் செய்யலாம், எதை விட வேண்டும்?"

அன்புள்ள வாசகருக்கு,

முதலில் அந்தக் கடைசி நாளை மாற்றுங்கள். காலையில் ஸ்கூபா, மதியம் விமானம் என்பது கூடவே கூடாது. நீருக்கடியில் சுவாசிக்கும்போது, காற்றிலுள்ள நைட்ரஜன் அழுத்தத்தால் ரத்தத்திலும் தசைகளிலும் கூடுதலாகக் கரைகிறது. மேலே வந்த பிறகு அது மூச்சு வழியே மெல்ல வெளியேறப் பல மணி நேரம் ஆகும். விமானத்துக்குள் காற்றழுத்தம் கிட்டத்தட்ட ஊட்டியில் இருப்பதுபோலக் குறைவு. கரைந்த வாயு வெளியேறி முடிவதற்குள் அங்கே போய் உட்கார்ந்தால், கோலி சோடாவைத் திறந்ததுபோல உடம்புக்குள் குமிழிகள் கிளம்பலாம். மூட்டுவலி, மரத்துப்போதல் என்று தொடங்கி கைகால் செயலிழப்பு வரை போகக்கூடிய சிக்கல் இது. ஒரே ஒரு முறை இறங்கியவர் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறை இறங்கியவர் 18 மணி நேரமும் கழித்தே பறக்க வேண்டும் என்பது ஏற்கப்பட்ட கணக்கு. உங்களைப் போன்றவர்கள் ஒரு முழு நாள் விடுவது நல்லது. படகுப் பயணத்துக்கு இந்தத் தடை இல்லை. முதல் நாள் ஸ்ரீ விஜயபுரத்தில் (போர்ட் பிளேரின் இன்றைய பெயர்) தங்குங்கள். இரண்டாம் நாள் ஸ்வராஜ் தீவுக்குப் போங்கள், ஹேவ்லாக் என்றால்தான் எல்லோருக்கும் புரியும். மூன்றாம் நாள் காலையில் ஸ்கூபா. நான்காம் நாளை ஸ்நார்க்கலிங்குக்கும், மூன்றாம் நாள் காது ஒத்துழைக்காவிட்டால் மறுமுயற்சிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் நாள் படகில் திரும்பி, ஆறாம் நாள் பறக்கலாம்.

அடுத்தது உங்கள் பயம். ஸ்கூபா ஆபத்து, ஸ்நார்க்கலிங் குழந்தை விளையாட்டு என்று வைத்திருக்கிறீர்கள். நீந்தத் தெரியாத ஒருவருக்கு இது பெரும்பாலும் தலைகீழ். முதல்முறை ஸ்கூபாவில் பயிற்றுநர் ஒருவர் உங்கள் சிலிண்டரைப் பிடித்தபடியே கூட வருவார். மிதப்பதும் இறங்குவதும் ஏறுவதும் அவர் கையில். அலையும் கீழே அவ்வளவாகத் தெரியாது. ஸ்நார்க்கலிங்கில் நீங்கள் இருப்பது நீர்மட்டத்தில். அலை அங்கேதான் அடிக்கும், படகுகளும் அங்கேதான் ஓடும், குழாய்க்குள் தண்ணீர் வருவதும் அங்கேதான். பத்து பேருக்கு ஒரு வழிகாட்டி என்று விட்டுவிடுகிற இடங்களும் உண்டு. ஹவாய்த் தீவுகளில் கடலில் மூழ்கி இறக்கும் சுற்றுலாப் பயணிகளில் அதிகம் பேர் ஸ்நார்க்கல் செய்துகொண்டிருந்தவர்கள்தான். இவர்களில் பலர் நடுவயது ஆண்கள், சத்தமே இல்லாமல் போனவர்கள். பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. நீங்கள் பயிற்சி தேவையில்லை என்று நினைத்ததற்குத்தான் பயிற்சி தேவை.

ஸ்நார்க்கல் குழாய் ஒரு முழத்துக்கும் குறைவு, 35 முதல் 40 சென்டிமீட்டர் இருக்கும். நாம் சாதாரணமாக ஒரு மூச்சில் இழுப்பது அரை லிட்டர் காற்று. அதில் 150 மில்லி தொண்டையிலும் மூச்சுக்குழாயிலுமே நின்றுவிடும், நுரையீரலின் உபயோகத்துக்கு வராது. குழாயை வாயில் வைத்தால் இந்த வீண்காற்று ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. பதற்றத்தில் மேலோட்டமாக, வேகவேகமாக மூச்சுவிட்டால் குழாயில் நிற்கும் பழைய காற்றையே திரும்பத் திரும்ப இழுப்பீர்கள். கரியமிலவாயு ஏறும், மூச்சு இன்னும் வாங்கும், பதற்றம் கூடும். இதிலிருந்து வெளிவர ஒரே வழி நிதானமான ஆழமான மூச்சு: நான்கு எண்ணும் வரை உள்ளே, ஆறு எண்ணும் வரை வெளியே. முகம் முழுவதையும் மூடும் ஒற்றை மாஸ்க்குகள் இப்போது நிறைய விற்கின்றன. அவற்றில் இந்த வீண்காற்று இடம் இன்னும் அதிகம், அவசரத்தில் சட்டென்று கழற்றவும் வராது. வாங்காதீர்கள், வாடகைக்குக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கிளம்புவதற்கு ஆறு வாரம் முன்பே ஒரு மாஸ்க்கும் குழாயும் வாங்கிவிடுங்கள். முதல் பயிற்சி வீட்டிலேயே. பெரிய அண்டாவிலோ குளியல் தொட்டியிலோ தண்ணீர் நிரப்பி, மாஸ்க்கும் குழாயுமாக முகத்தை அமிழ்த்திப் பத்து நிமிடம் மூச்சுவிடுங்கள். இரண்டு மூன்று நாளில் அது பழகியதும் மாஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டுக் குழாயோடு மட்டும் முகத்தை அமிழ்த்துங்கள். மூக்கில் தண்ணீர் பட்டதும் தன்னையறியாமல் மூக்கால் இழுக்கப் பார்ப்பீர்கள். பெரும்பாலானோர் கடலில் பதறுவதற்குக் காரணம் இந்த அனிச்சைச் செயல்தான். மூக்கில் தண்ணீர் இருக்க, வாயால் மட்டும் ஒரு நிமிடம் அமைதியாக மூச்சுவிட முடிந்தால் பாதி வேலை முடிந்தது. பிறகு உள்ளூர் நீச்சல் குளத்தில், இடுப்பளவு தண்ணீரில் சுவரைப் பிடித்துக் குப்புற மிதந்து அதையே செய்யுங்கள். குழாய்க்குள் தண்ணீர் வந்தால் "தூ" என்று ஒரே வேகத்தில் ஊதித் தள்ள வேண்டும், அடுத்த மூச்சை மெதுவாக இழுத்துப் பார்க்க வேண்டும். குப்புற மிதப்பதிலிருந்து மல்லாக்கத் திரும்பவும் பழகுங்கள். ஒன்றரை மாதத்தில் நீச்சலே கற்றுக்கொள்ள முடிந்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. கடலில் ஸ்நார்க்கல் செய்யும்போது உங்களுக்கும் மனைவிக்கும் லைஃப் ஜாக்கெட் கட்டாயம், தொடைப்பட்டை இருந்தால் அதையும் சேர்த்துக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஜாக்கெட் மேலே எழும்பித் தாடையில் இடிக்கும்.

மீசையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், எடுக்க வேண்டியதில்லை. மூக்குக்கு நேர் கீழே, மாஸ்க்கின் சிலிக்கோன் விளிம்பு படியும் இடத்தில் மட்டும் நான்கைந்து மில்லிமீட்டர் அகலத்துக்கு மழித்துவிட்டால் போதும். அதற்கும் மனமில்லையென்றால் அந்த இடத்தில் சிலிக்கோன் கிரீஸ் தடவலாம். வாசலின் நாளடைவில் சிலிக்கோனைக் கெடுக்கும். மாஸ்க் வாங்கும்போது வார்ப்பட்டையைப் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக இழுங்கள். கையை எடுத்தாலும் விழாமல் ஒட்டி நின்றால் அது உங்கள் முகத்துக்கான அளவு. கடலில் தண்ணீர் கசிந்தால் எல்லோரும் பட்டையை இறுக்குவார்கள், இறுக்க இறுக்க விளிம்பு மடங்கிக் கசிவு கூடும். விளிம்புக்குள் தலைமுடி மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள், பத்தில் எட்டு முறை அதுதான் காரணமாக இருக்கும். மகளுக்கும் மனைவிக்கும் நெற்றிமுடியை முழுவதும் பின்னுக்கு வாரி, பட்டைக்கு மேலோ கீழோ பின்னல் வருமாறு கட்டச் சொல்லுங்கள். புது மாஸ்க்கின் கண்ணாடியில் தொழிற்சாலைப் படலம் ஒன்று இருக்கும். சாதாரண வெள்ளைப் பற்பசையை உட்புறம் தேய்த்து இரண்டு மூன்று முறை கழுவாவிட்டால் பனி படிந்துகொண்டே இருக்கும். பற்பசை வேலை அந்த ஒரு தடவைக்குத்தான். இறங்கும் முன் எச்சில் தடவி அலசுங்கள், இல்லையேல் ஒரு சொட்டு பேபி ஷாம்பு.

மைனஸ் 3.5 பவருக்கு லென்ஸ் பொருத்திய மாஸ்க் தயாராகவே கிடைக்கிறது. நீருக்குள் பொருட்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் கால் பங்கு அருகிலும் தெரியும் என்பதால் மைனஸ் 3 இருந்தாலும் சமாளிக்கலாம். டைவ் கடையில் முன்கூட்டியே சொல்லிவிட்டால் எடுத்து வைப்பார்கள். ஒருநாள் மட்டும் போட்டு எறியும் கான்டாக்ட் லென்ஸும் சரி, ஆனால் மாஸ்க்குக்குள் தண்ணீர் வந்தால் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். நீச்சல் குளக் கண்ணாடியை மட்டும் போட்டுக்கொண்டு கீழே போகவே கூடாது. அது மூக்கை மூடாது. ஆழத்தில் கண்ணோடு அழுந்தும்போது உள்ளே காற்றை ஊதிச் சரிசெய்ய வழியில்லாமல் கண்ணில் ரத்தம் கட்டிவிடும்.

இனி காது. முதல்முறை ஸ்கூபாவில் பலரைப் பாதியிலேயே மேலே திருப்பி அனுப்புவது பெரும்பாலும் காதுதான். உங்கள் மூக்கடைப்பும் இதில்தான் வந்து நிற்கிறது. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் தரையில் இருப்பதைப்போல இரண்டு மடங்கு. ஆனால் காதுக்குத் தொல்லை அங்கே இல்லை, முதல் மூன்று மீட்டரில்தான். செவிப்பறைக்குப் பின்னால் ஒரு சிறு காற்றறை இருக்கிறது. அதிலிருந்து தொண்டைக்கு ஒரு மெல்லிய குழல் போகிறது, சாதாரணமாக அது மூடியே இருக்கும். நீங்கள் இறங்க இறங்க வெளியழுத்தம் செவிப்பறையை உள்ளே தள்ளும். ஒரு மீட்டரிலேயே இறுக்கம் தெரியும், ஒன்றரை மீட்டரில் வலிக்கும். சரிசெய்யாமல் இன்னும் கீழே போய்விட்டால் அந்தக் குழல் அழுத்தத்தில் பூட்டிக்கொள்ளும். பிறகு எவ்வளவு ஊதினாலும் திறக்காது. அதனால் வலி வந்ததும் சரிசெய்யலாம் என்று காத்திருக்கக் கூடாது.

தலை நீருக்குள் போவதற்கு முன்பே ஒருமுறை, பிறகு அரை மீட்டருக்கு ஒருமுறை, மூக்கைப் பிடித்து வாயை மூடி மென்மையாக ஊதுங்கள். இரு காதிலும் "டிக்" என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டால் திறந்தது என்று பொருள். மூக்கைப் பிடித்தபடி எச்சில் விழுங்குவதும் சிலருக்கு நன்றாக வேலை செய்யும், இரண்டையும் சேர்த்தும் செய்யலாம். தலைகீழாகப் போகாமல் கால் கீழே, தலை மேலே இருக்குமாறு கயிற்றைப் பிடித்து இறங்குவது குழலுக்கு எளிது. ஒரு காது திறந்து மற்றது அடம்பிடித்தால், அடம்பிடிக்கும் காது மேலே பார்க்குமாறு தலையைச் சாய்த்து முயலுங்கள். வராவிட்டால் கையால் "காது" என்று காட்டிவிட்டு ஒரு மீட்டர் மேலே வந்து மறுபடியும் முயல வேண்டும். மூன்று முறை பார்த்தும் வராவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். அழுத்தி ஊதிச் சாதிக்க நினைப்பவர்களுக்குச் செவிப்பறை கிழியலாம். அதைவிட மோசம், உள்காதின் மெல்லிய சவ்வு கிழிந்து தலைச்சுற்றலும் நிரந்தரக் காது மந்தமும் வரலாம்.

இதை இன்றிலிருந்தே தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று பத்து முறை பழகுங்கள். இரு காதும் சுலபமாகத் திறக்கின்றனவா என்பது ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். சென்னையிலிருந்து போகும் விமானம் தரையிறங்கும்போது காது அடைத்து மணிக்கணக்கில் விடாமல் இருந்தால் கவனியுங்கள், கடல் இதைவிடக் கடுமையானது. உங்களுக்கு அடிக்கடி அடைப்பு என்பதால் ஈஎன்டி டாக்டரிடம் ஒருமுறை காட்டி, மூக்கில் சதை வளர்ச்சி, செவிப்பறையில் ஓட்டை ஏதும் உண்டா என்று பார்த்துவிடுங்கள். இறங்கும் நாளில் சளி இருந்தால் இறங்க வேண்டாம். மூக்கடைப்புச் சொட்டு மருந்தைப் போட்டுக்கொண்டு இறங்குபவர்கள் உண்டு. கீழே இருக்கும்போது அதன் வேகம் குறைந்தால், உள்ளே போன காற்று மேலேறும்போது வெளிவர வழியில்லாமல் சிக்கிக்கொள்ளும். அப்போது வலியோடுதான் ஏற வேண்டியிருக்கும். காதுக்குள் பஞ்சோ நீச்சல் அடைப்பானோ வைக்கவே கூடாது.

காதுக்கு அடுத்து நுரையீரல். ஸ்கூபாவில் தலையாய விதி ஒன்று: எந்த நிலையிலும் மூச்சைப் பிடித்து வைக்காதீர்கள். பத்து மீட்டரில் நுரையீரல் நிறைய இழுத்த காற்று, அப்படியே மேலே வந்தால் இரண்டு மடங்காக விரியும். மூச்சைப் பிடித்தபடி ஒன்றரை மீட்டருக்கும் குறைவாக ஏறினாலே நுரையீரல் கிழிய வாய்ப்பு உண்டு. அதனால் "ஆழம் குறைவுதானே" என்பது இங்கே செல்லாது. நீச்சல் தெரியாதவர்கள் தண்ணீர் என்றாலே மூச்சைப் பிடிப்பார்கள். அண்டாப் பயிற்சியை அவ்வளவு வலியுறுத்துவது இதனால்தான். வாயிலிருந்து ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றைத் தரும் வாய்க்கருவி) நழுவினாலும் சிறு குமிழிகளாக ஊதிக்கொண்டே எடுத்து மாட்ட வேண்டும்.

சிலிண்டரில் இருப்பது ஆக்சிஜன் என்று பலரும் நினைக்கிறார்கள். அதில் இருப்பது நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றுதான், வடிகட்டி, ஈரம் நீக்கி அழுத்தி அடைத்தது. சுத்த ஆக்சிஜன் ஆறு மீட்டருக்குக் கீழே நஞ்சாகி வலிப்பு வரவைக்கும். வழக்கமான அலுமினிய சிலிண்டரின் கொள்ளளவு 11 லிட்டர். 200 பார் (ஒரு பார் ஏறக்குறைய தரையிலுள்ள காற்றழுத்தம்) அழுத்தத்தில் ஏறக்குறைய 2,200 லிட்டர் காற்று இருக்கும். கடைசி 50 பாரைத் தொடாமல் வைப்பது விதி, எனவே கையில் இருப்பது 1,650. பதற்றத்தில் இருக்கும் புதியவர் நிமிடத்துக்கு 22 லிட்டர் இழுப்பார். பத்து மீட்டரில் அது இரட்டிப்பாகி 44 லிட்டர். ஆக முப்பத்தேழு நிமிடம். முதல்முறை இறக்கம் இருபதிலிருந்து முப்பது நிமிடத்துக்குள்ளேயே முடிந்துவிடும். ஆழம் அதிகபட்சம் 12 மீட்டர், நடைமுறையில் ஆறிலிருந்து எட்டு. காற்று தீர்ந்துபோகுமோ என்ற கவலையை விட்டுவிடுங்கள். சிலிண்டரின் அழுத்தம் காட்டும் முள்ளைப் பயிற்றுநர் பார்த்துக்கொண்டே இருப்பார்.

சைகைகளில் ஒன்றை மட்டும் இப்போதே மாற்றிப் பழக வேண்டும். கட்டைவிரலை உயர்த்தினால் நமக்கு "சூப்பர்" என்று பொருள். நீருக்குள் அதற்கு "மேலே போகலாம்" என்று பொருள். நம்மவர்கள் மீனைப் பார்த்த மகிழ்ச்சியில் கட்டைவிரலைக் காட்டுவார்கள், பயிற்றுநர் உடனே மேலே கூட்டி வந்துவிடுவார். எல்லாம் சரி என்பதற்கு ஆட்காட்டி விரலையும் கட்டைவிரலையும் வட்டமாகச் சேர்க்க வேண்டும். சரியில்லை என்றால் உள்ளங்கையை விரித்து இப்படியும் அப்படியும் ஆட்டிவிட்டு, எங்கே தொல்லையோ அந்த இடத்தைத் தொட்டுக் காட்ட வேண்டும்.

உங்கள் உடல்நிலைக்கு வருகிறேன். மார்பளவு தண்ணீரில் இறங்கினாலே கால்களிலிருந்து அரை லிட்டருக்கும் மேலான ரத்தம் நெஞ்சுப்பக்கம் தள்ளப்படுகிறது. சரியான கட்டுப்பாட்டில் இருக்கும் ரத்த அழுத்தம் தடையில்லை, கட்டுப்பாட்டில் இல்லாதது தடை. உங்கள் மாத்திரை எந்த வகை என்று டாக்டரிடம் கேளுங்கள். அடினோலால், மெட்டோபுரோலால் போன்றவை இதயத் துடிப்பைக் கட்டிப்போடுவதால், நீரோட்டத்தில் நீந்த வேண்டி வரும்போது உடம்பு ஈடுகொடுக்காது. இரண்டு மாடி வேகமாக ஏறி நெஞ்சு வலியோ அளவுக்கு மீறிய இளைப்போ இல்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள், தேவைப்பட்டால் டாக்டர் டிரெட்மில் சோதனை எழுதித் தருவார். கடலில் இருக்கும்போது உழைப்புக்குப் பொருந்தாத மூச்சுத்திணறல், இருமல், நுரையாகச் சளி வந்தால் அது நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வதன் அறிகுறி. ஸ்கூபாவிலும் வரும், ஸ்நார்க்கலிங்கிலும் வரும், ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குக் கூடுதலாக வரும். உடனே வெளியே வந்து நிமிர்ந்து உட்கார்ந்து ஆக்சிஜன் எடுக்க வேண்டும்.

உங்கள் மனைவி ஸ்கூபா செய்ய வேண்டாம் என்பதே என் கருத்து. வீசிங் உள்ளவருக்கு நுரையீரலின் சிறு கிளைகள் சுருங்கினால், மேலேறும்போது அங்கே சிக்கிய காற்று விரிந்து கிழிக்கும். சிலிண்டரின் வறண்ட குளிர்ந்த காற்றே வீசிங்கைத் தூண்டக்கூடும். நுரையீரல் மருத்துவர் ஸ்பைரோமெட்ரியும் (ஊதிப் பார்க்கும் மூச்சுச் சோதனை) உடற்பயிற்சிச் சோதனையும் செய்து அனுமதித்தால் வேறு விஷயம். அப்படியில்லாமல், மழைக்காலத்தில் மட்டும்தானே என்று மருத்துவப் படிவத்தில் "இல்லை" என்று எழுதாதீர்கள். அந்தப் படிவம் கடைக்காரருக்காக நிரப்புவது இல்லை, உங்கள் மனைவியின் உயிருக்காக நிரப்புவது. ஸ்நார்க்கலிங் அவரால் முடியும். இன்ஹேலர் படகில் நனையாமல் இருக்கட்டும், கடல் அலைபாயும் நாளில் கண்ணாடி அடித்தளப் படகு போதும். மாதவிடாய் நாளாக இருந்தால் இறங்கலாமா, சுறா வருமா என்று பல பெண்கள் கேட்கத் தயங்குவார்கள். தாராளமாக இறங்கலாம், அதனால் சுறா வராது.

மகளுக்குப் பிரச்சினை ஏதும் தெரியவில்லை. பத்து வயது நிறைந்தவர்கள் கடலில் முதல்முறை ஸ்கூபா செய்யலாம். அவளுக்கென்று தனி பயிற்றுநர், அவள் அளவில் ஜாக்கெட், மாஸ்க், சிறிய வாய்ப்பிடி இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். பெரியவர்களின் ரப்பர் வாய்ப்பிடியைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தே பல பிள்ளைகள் மேலே வந்துவிடுகிறார்கள். அவள் படகில் வந்து "வேண்டாம்" என்றால் விட்டுவிடுங்கள். கட்டிய பணத்துக்காக வற்புறுத்தி இறக்கிய பிள்ளை கீழே பதறும்.

பதிவு செய்யும் முன் நிறுவனத்திடம் நான்கு கேள்வி கேளுங்கள். ஒருவருக்கு ஒரு பயிற்றுநரா? இறங்கும் முன் மார்பளவு தண்ணீரில் எத்தனை நிமிடம் பழக்குவீர்கள்? மருத்துவப் படிவம் உண்டா? படகில் ஆக்சிஜன் பெட்டி இருக்கிறதா? முதல் கேள்விக்கு "ஆமாம்", இரண்டாவதற்கு "அரை மணி" என்று பதில் வந்தால் நம்பலாம். "அஞ்சு நிமிஷம் போதும் சார்" என்றால் வேறிடம் பாருங்கள். முதலில் சொன்ன குமிழிச் சிக்கலுக்கு அழுத்தச் சிகிச்சை தரும் அறை ஸ்ரீ விஜயபுரத்துக் கடற்படை மருத்துவமனையில்தான் இருக்கிறது, ஹேவ்லாக்கில் கிடையாது. அதனால் படகிலுள்ள ஆக்சிஜன் அலங்காரப் பொருள் அல்ல.

ஹேவ்லாக்கில் புதியவர்களுக்கு நீமோ ரீஃப் பொருத்தம். கரையிலிருந்து நடந்தே இறங்கலாம், மெதுவாக ஆழமாகும் மணல் தரை. டிக்சன்ஸ் பினாக்கிள், ஜானிஸ் கார்ஜ் என்று படங்களில் பார்த்து ஆசைப்பட்டிருப்பீர்கள். அவை முப்பது மீட்டர் ஆழமும் வலுவான நீரோட்டமும் கொண்ட இடங்கள், உயர்நிலைச் சான்று பெற்றவர்களுக்கானவை. ஸ்நார்க்கலிங்குக்கு எலிஃபென்ட் பீச் போதும். பழைய இருபது ரூபாய் நோட்டின் பின்புறத்தில் இருக்கும் நார்த் பேயில் கூட்டம் அதிகம். வண்டூரிலிருந்து போகும் ஜாலி பாய் தீவு அமைதியானது. தேசியப் பூங்காவுக்குள் இருப்பதால் வனத்துறை அனுமதி வேண்டும், பிளாஸ்டிக் பொருட்களைக் கொண்டுபோகக் கூடாது.

எங்கே போனாலும் ஏற்றவற்றம் பார்த்துப் போங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அந்தமானில் கடல் இரண்டு மீட்டர் வரை ஏறி இறங்கும். வற்றும் நேரத்தில் பவளத்திட்டின் மேல் முழங்கால் தண்ணீர்தான் நிற்கும். வயிறு உரசும், பயந்து எழுந்து நிற்பீர்கள், காலடியில் பவளம் நொறுங்கும். ஏற்றம் முடியும் தறுவாயில் இறங்கினால் தண்ணீரும் தெளிவாக இருக்கும், உங்களுக்கும் பவளத்துக்கும் இடைவெளி இருக்கும். காலை ஏழு, எட்டு மணிக்குள் இறங்கும் நாள் கிடைத்தால் காற்றும் குறைவு, கூட்டமும் குறைவு. அலையாத்திக் காட்டை ஒட்டிய கழிமுகங்களில் மட்டும் கால் நனைக்காதீர்கள், உப்புநீர் முதலைகள் இருக்கின்றன. 2010இல் ஹேவ்லாக்கிலேயே ஸ்நார்க்கல் செய்துகொண்டிருந்த ஒரு பெண் முதலையால் இறந்திருக்கிறார். எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் இறங்காதீர்கள், அந்திசாயும் நேரத்திலும் வேண்டாம்.

மன்னார் வளைகுடா மீனவர்கள் "பார்" என்று சொல்லும் இந்தப் பவளத்திட்டு கல் போலத் தெரிந்தாலும், மேலே இருப்பது மெல்லிய உயிர்த்தோல். பாறைபோன்ற வகை வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத்தான் வளர்கிறது. உங்கள் ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு) ஒருமுறை உதைத்தால் மகளின் வயதுக்கும் மேற்பட்ட வளர்ச்சி போய்விடும். நிற்க வேண்டுமென்றால் மணலில் நில்லுங்கள், மணல் தெரியாவிட்டால் மல்லாக்க மிதந்து கைகாட்டிக் கூப்பிடுங்கள். 1998, 2010, 2016 ஆண்டுகளில் கடல் சூடாகி அந்தமான் பவளங்கள் பெருமளவில் வெளிறின. அதனால் ஆழம் குறைந்த இடங்களில் செத்துச் சாம்பல் பூத்த கிளைகளையும் நிறையப் பார்ப்பீர்கள். மகளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், ஏமாற்றம் இருக்காது. அவற்றுக்கு நடுவே பொட்டுப்பொட்டாகப் புதுப் பவளம் ஒட்டி வளர்வதையும் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். உதிர்ந்து கிடக்கும் செத்த பவளத் துண்டைக்கூட எடுத்து வரக் கூடாது. வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது, விமான நிலையச் சோதனையில் பிடிப்பார்கள், சிறைத் தண்டனை வரை போகும்.

சன்ஸ்கிரீனை அள்ளிப் பூசுவதைவிட முழுக்கை நீச்சல் சட்டையும் நீளக் காற்சட்டையும் போடுங்கள். வெயிலையும் தடுக்கும், ஜெல்லி மீன் படுவதையும் தடுக்கும். மூக்கு, கழுத்துக்கு மட்டும் துத்தநாக ஆக்சைடு உள்ளதைத் தடவிக்கொள்ளலாம். எதையும் தொடாதவரைப் பெரும்பாலும் எதுவும் கடிக்காது. சிங்க மீன், கல் மீன் முள் குத்தினால் தாங்கக்கூடிய அளவு சூடான தண்ணீரில், 45 டிகிரிக்கு மேல் போகாமல், அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் அமிழ்த்தி வையுங்கள். வலி தணியும், பிறகு மருத்துவமனைக்குப் போங்கள். பெரிய கிளாத்தி மீன் ஒன்று முதுகு முள்ளை விறைத்து உங்களை நோக்கி வந்தால் கீழே அதன் கூடு இருக்கிறது. அதன் எல்லை புனலைப்போல மேல்நோக்கி விரியும், அதனால் மேலே போகாமல் பக்கவாட்டில் விலகுங்கள்.

கைபேசியைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு முதல்முறை இறங்க வேண்டாம். ஒரு கை மூக்குக்கு வேண்டும், இன்னொரு கை சைகைக்கு வேண்டும். படம் பயிற்றுநரே எடுத்துத் தருவார். அதில் எல்லாம் நீலமாகத் தெரிந்தால் கேமராவின் குற்றம் இல்லை. சிவப்பு நிறத்தைத் தண்ணீர் முதல் ஐந்து மீட்டரிலேயே விழுங்கிவிடுகிறது. பயிற்றுநரிடம் டார்ச் இருந்தால் ஒரு பவளத்தின் மேல் அடித்துக் காட்டச் சொல்லுங்கள், சாம்பலாகத் தெரிந்தது செக்கச்சிவப்பாக மாறும்.